பக்கத்து வீட்டு அக்காவுக்கு

நான் சொல்லப்போவதை நானே பல வருஷமாக முழுசாக நம்பவில்லை, சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருமகனுக்கு மெடிக்கல் வைத்துக் கொடுக்கப் போகிறேன் என்றீர்கள். ஜனங்கள் மெடிக்கல்காரனிடம் என்னதான் எதிர்பார்க்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டீர்கள். மதுரை வர இன்னும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் இதில் பாதி செல்வின் என்னிடம் சொன்னது. அவன் சொன்னது உண்மையா, தப்பித்துக்கொள்ளச் சொன்னதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்து என் தலை நரைத்ததுதான் மிச்சம்.

செல்வின் எங்கள் தெருவில் மெடிக்கல் வைத்திருந்தவன். சிவகாசியில் எங்களுடையது அச்சாபீஸ் தெரு. நான் காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் புரூப் பார்க்கிறவன். தினசரிக் காலண்டர் கிழிக்கிறீர்களே, அதில் ராகுகாலம், நல்லநேரம், அமாவாசை எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு முகூர்த்த நாள் மாறிப்போனால் ஒரு ஊரே நம்மைத் திட்டும். அதனால் எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டேன். அது பழக்கமாகிவிட்டது. உங்கள் பையில் கடைப் பெயர் சாய்வாக ஒட்டியிருக்கிறது பாருங்கள், ஏறி உட்கார்ந்ததும் அதுதான் என் கண்ணில் பட்டது.

என்ன எதிர்பார்ப்பார்கள் என்றா கேட்டீர்கள்? எல்லாவற்றையும்தான். லோடுமேன் குருசாமி என்று ஒருவர். நேராக வந்து, "போன தடவ குடுத்தியே, அந்த ரோஸ் மாத்திரை குடு" என்பார்.

"அது எதுக்குண்ணே குடுத்தேன்?"

"எதுக்கா? குடுத்தவன் நீ. உனக்கே தெரியாதா?"

இன்னொரு அம்மா டாக்டர் எழுதின சீட்டை நீட்டி, "இவரு எழுதினது சரிதானா, ஒரு பார்வை பாத்துச் சொல்லு" என்பாள். டாக்டர் படித்த படிப்பு வேறு, செல்வின் படித்த படிப்பு வேறு. ஆனால் அந்த அம்மாவுக்கு செல்வின் சொன்னால்தான் மாத்திரை தொண்டையில் இறங்கும். ஒருத்தி பிள்ளையைத் தூக்கி கவுண்டர் மேலேயே உட்கார வைத்துவிடுவாள். "தூக்கிப் பாரு செல்வின், இளைச்சிருக்கானா?" அவனும் தூக்கிப் பார்த்து, "போன மாசம் இருந்த மாதிரிதான்க்கா இருக்கான்" என்பான். மருந்தே வாங்காமல் சந்தோஷமாகப் போய்விடுவாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் வருவார்கள். இருமலுக்கும் அரிப்புக்கும் ஒரு வேளைக்கு மட்டும் மாத்திரை கட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். மூன்று நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்று செல்வின் சொன்னால், "முதல்ல இது கேக்குதா பாப்போம்" என்பார்கள். கேட்காவிட்டால் அவனுக்குத்தான் திட்டு.

எனக்கும் அவன் வேண்டியிருந்தது. உங்களிடம் சொல்வதற்கு என்ன, இங்கே யார் கேட்கப் போகிறார்கள். எனக்கு மூலம் இருக்கிறது சார், ரொம்ப நாளாக. என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. செல்வினுக்குத் தெரியும். கடையில் கூட்டமாக இருந்தால் நான் கவுண்டரின் கடைசியில், பால்பவுடர் டப்பா அடுக்கியிருக்கும் இடத்தில் போய் நின்றுகொள்வேன். ஆள் கலைந்ததும் பேப்பரில் சுற்றிக் கையில் தருவான். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான். எத்தனையோ தடவை என் வீட்டுக்காரியும் அதே கடைக்குப் போயிருக்கிறாள், வந்திருக்கிறாள். ஒருநாளும் அவன் வாய் திறந்ததில்லை. மெடிக்கல்காரனுக்கு அதுதான் சார் அழகு. உங்கள் மருமகனிடம் முதலில் அதைச் சொல்லிவையுங்கள்.

பெண்களுக்கு அந்தக் கடைசியும் உதவாது. எங்கள் பக்கம் பெண்கள் மெடிக்கலில் தனக்கு என்று எதையும் கேட்கமாட்டார்கள். உங்கள் ஊரில் எப்படியோ. கொழுந்தியாளுக்கு என்பார்கள், ஓரகத்திக்கு என்பார்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்பார்கள். செல்வினும் அதே மாதிரிதான் பதில் சொல்வான். "அந்த அக்காவச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்க." "அந்த அக்காவுக்கு மயக்கம் வருதா?" அக்கா எதிரிலேயே நின்றுகொண்டிருப்பாள். "வருதாம் தம்பி" என்பாள். சிரிக்காமல் சொல்வார்கள் சார் இரண்டு பேரும். நான் பால்பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரி பெயர் தங்கபுஷ்பம். வாய் அதிகம் கிடையாது. சிரிப்பு மட்டும் உண்டு. அவளும் செல்வினைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவன் மதினி என்பான்.

ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருஷத்து மாதிரிகளை எல்லாம் சேர்த்துக் காலண்டர் ஆல்பம் போடுவோம். அதிலிருந்து மார்கழி வரைக்கும் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. புரூப்பை வீட்டுக்கே கொண்டுவந்து கூடத்தில் விரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வருஷமும் அப்படித்தான். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் புஷ்பம் போகாமல் நின்றாள்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு அக்குள்ல கட்டி மாதிரி இருக்காம். வலியே இல்லையாம். என்னவா இருக்கும்?" என்றாள்.

"செல்வினக் கேக்கச் சொல்லு."

"டாக்டர்கிட்ட போகலாமான்னு அவங்களுக்கு ஒரு யோசனை."

"டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் பொழுது போயிரும். முதல்ல செல்வினக் கேக்கச் சொல்லு புஷ்பம்."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, கார்த்திகைத் தாளில் அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தது. அதை அந்த நிமிஷம்தான் கண்டுபிடித்தேன். வேறு யார் கண்ணிலும் படவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? செல்வின் மேல் எங்கள் வீட்டில் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தோம் என்று சொல்ல வந்தேன். யார் எது கேட்டாலும் அவனிடம்தான் அனுப்புவேன். அவ்வளவு நம்பினேன்.

பொங்கல் கழிந்து புஷ்பத்துக்கு இடது கை வீங்கிவிட்டது. ரவிக்கைக் கை நுழையவில்லை. தூங்கும்போது கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்றாள். வீக்கம் வடியாததால் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே ஒரு பெண் டாக்டர் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார்.

"எவ்வளவு நாளாம்மா இருக்கு இது?"

"ஆடியில இருந்து" என்றாள் புஷ்பம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் புஷ்பத்தைப் பார்த்தேன்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

"எங்க தெரு மெடிக்கல்ல ஒரு களிம்பு குடுத்தாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "ஒரு தடவதான் குடுத்தாங்க. அதுக்கப்புறம் டாக்டரப் பாக்கச் சொன்னாங்க" என்றாள்.

அவள் பிறகு மெதுவாகச் சொன்னது அன்றைக்கு என் காதில் ஏறவில்லை. களிம்பு மட்டும்தான் ஏறியது. டாக்டர், முன்னாடியே வந்திருந்தா, என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் நேராகச் செல்வின் கடைக்குப் போனேன். சாயங்கால நேரம், நல்ல கூட்டம். நான் அன்றைக்குக் கடைசியில் போய் நிற்கவில்லை. நடுவில் நின்று கத்தினேன். என் வீட்டுக்காரிக்குக் கட்டி இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு தெருவில் இருக்கிறோம், தினமும் என் முகத்தில் விழிக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா என்று கேட்டேன். கேட்கக்கூடாதா? நீங்கள் சொல்லுங்கள். பெண்டாட்டி வந்து இப்படி ஒரு விஷயம் கேட்டால் புருஷன் காதில் போடவேண்டாமா? அது ஒரு மனுஷன் செய்கிற காரியமில்லையா?

செல்வின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. யாருக்கோ மாத்திரை அட்டையைப் பாதி வெட்டிக்கொண்டிருந்தான். அப்படியே நின்றான். குருசாமிதான், "கட்டிக்கெல்லாம் களிம்பு குடுக்கிறவனா நீ? டாக்டர்கிட்ட போன்னு சொல்லமாட்டியா?" என்று ஒரு சத்தம் போட்டார். ரோஸ் மாத்திரை குருசாமி. அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். செல்வின் பாதி வெட்டின அட்டையை முழுசாக வெட்டிக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினான்.

மறுநாள் அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றான். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னான். இதுதான் சார் நான் சொன்ன பாதி. அவன் வாயால் சொன்னபடியே சொல்கிறேன்.

"அண்ணாச்சி, மதினி பக்கத்து வீட்டு அக்காவுக்குன்னுதான் கேட்டாங்க. முதல் தடவ வேர்க்குரு மாதிரி, சின்னக் கட்டின்னு சொன்னாங்க. களிம்பு குடுத்தேன். அது என் தப்புதான். ரெண்டாவது தடவ வந்து அப்படியே இருக்குதாம்னாங்க. வலிக்குதாமான்னு கேட்டேன். இல்லையாம்னாங்க. அப்பவே சொல்லிட்டேன், வலி இல்லேன்னாதான் உடனே பாக்கணும், அந்த அக்காவ நாளைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்கன்னு. அதுக்கப்புறம் வேற எதுக்கு வந்தாலும் நானே கேப்பேன், அந்த அக்கா போனாங்களான்னு. இன்னும் போகலையாம் தம்பிம்பாங்க. அவங்க வீட்டுக்காரர்கிட்டயாவது சொல்லச் சொல்லுங்கன்னேன். அதுக்கு மதினி சிரிச்சாங்க. சொல்லிட்டாங்களாம் தம்பி, அவரு உங்களையே கேக்கச் சொல்லிட்டாராம்னாங்க."

இதுதான். இதில்தான் சார் எனக்குச் சந்தேகம். இரண்டு சந்தேகம்.

ஒன்று, எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் பேப்பர் குடோன். மறுபக்கம் முள்வேலி போட்ட காலி மனை. ஆடு மேயும். பக்கத்து வீடே கிடையாது, அப்புறம் எங்கிருந்து வருவாள் பக்கத்து வீட்டு அக்கா? செல்வின் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தெரியாதா? கேட்ட மாத்திரத்தில் விளங்கவேண்டாமா இது யாருடைய கட்டி என்று? அதை நான் டீக்கடையிலேயே கேட்டேன். "உனக்குத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு" என்றேன்.

அவன் நேராகப் பதில் சொல்லவில்லை. "உங்களுக்கா மதினின்னு கேட்டா மறுநாள்ல இருந்து கடைக்கு வரமாட்டாங்க அண்ணாச்சி. அப்புறம் டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்றதுக்கும் ஆள் இல்லாம போயிரும்" என்றான். தெரியும் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் நடுவில் ஒரு பதில். புரூப்பில் இப்படி வந்தால் நான் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன்.

இரண்டாவது, அந்தக் கடைசி வாக்கியம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்களாம் என்பது. எந்த வீட்டுக்காரரிடம்? எப்போது? என்னிடம் அவள் சொல்லவே இல்லையே! பழியை என் பக்கம் தள்ளிவிடச் செல்வினே கட்டிச் சொன்னது என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் நினைக்க முடிவதில்லை.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். ஆஸ்பத்திரியில், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "என்கிட்ட ஏன் புஷ்பம் சொல்லல?"

கண்ணைத் திறந்து, "சொன்னேனே" என்றாள்.

அவ்வளவுதான். மருந்தின் வேகம் சார். அந்தச் சமயத்தில் ஆளே மாறிப்போயிருந்தாள். செத்துப்போன அவள் அப்பாவை வந்து காப்பி குடிக்கச் சொல்லுவாள். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் கேட்கவில்லை. கேட்டு அவளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆல்பம் வருவதற்குள் போய்விட்டாள்.

சாவுக்குச் செல்வின் வந்திருந்தான். பந்தலுக்கு வெளியே, குடோன் சுவரை ஒட்டி நின்றான். மாலையை யாரிடமோ கொடுத்தனுப்பினான்.

அதற்குப் பிறகு அவன் கடை வேறு கடையாகிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒன்றும் தரமாட்டேன் என்றான். கட்டி, வீக்கம், மூச்சுவாங்கல் என்று வந்தால் முதலில் ஆஸ்பத்திரி என்றான். "இங்க என்ன கோர்ட்டா நடக்குது? ஒரு ரோஸ் மாத்திரைக்குச் சாட்சி கேக்கிற?" என்று குருசாமி தெருவே கேட்கச் சத்தம் போட்டார். பிள்ளையைத் தூக்கிவந்த பெண்ணிடம்கூட, "எடை மெஷின்ல வச்சுப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டானாம். அவள் அழாத குறையாகப் போனாள். முனையில் புதிதாக ஒரு மெடிக்கல் வந்தது. அங்கே கேட்டதைக் கொடுத்தார்கள், கேட்காததையும் கொடுத்தார்கள். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். நானும்தான். ஆனால் அங்கே கவுண்டரில் ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. "என்ன சார், மூலத்துக்கா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டான் அந்தப் பையன்.

செல்வின் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போனான். அது என்னாலா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை சார். ஜனங்கள் எதிர்பார்க்கிறதைக் கொடுக்காதவன் கடை நடத்த முடியாது. டாக்டரிடம் போகவேண்டாதபடிக்கு மருந்தும் கொடுக்கவேண்டும், போகவேண்டிய சமயத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் வேண்டும். நம் விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது, அடுத்தவர் விஷயத்தை நம்மிடம் சொல்லவேண்டும். இது ஒரு பெரிய விஷயமா? ஒரு மனுஷன் இதைக்கூடச் செய்யமுடியாதா?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சொல்லும்போது எனக்கே ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது.

போன ஆவணியில் ராஜபாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்கு எதிரே ஒரு பெரிய மெடிக்கல். உள்ளே நாலைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவன் செல்வின். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. கழுத்தில் அட்டை மாட்டியிருந்தான். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் சொந்தக் கடையில் நின்றவன்.

இன்றைக்குக் கேட்டுவிடவேண்டும் என்று படி ஏறினேன். தெரியுமா, தெரியாதா. சொன்னாளா, நீயாகக் கட்டிச் சொன்னாயா. இந்த இரண்டு கேள்வி. இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்ட கேள்விகள். கூட்டமாக இருந்தது. கால் தானாக என்னைக் கவுண்டரின் கடைசிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேயும் பால்பவுடர் டப்பாதான் அடுக்கியிருந்தார்கள்.

செல்வினுக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மில் வேலைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எங்க ஓரகத்திக்கு" என்று ஆரம்பித்தாள். மற்றது எனக்குக் கேட்கவில்லை. குனிந்து, வாய்க்குள்ளேயே சொன்னாள். செல்வின் அவள் முகத்தைப் பார்க்காமல் கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

"இதுக்கு நான் மருந்து தரமாட்டேன்க்கா" என்றான். "அந்த ஓரகத்திய நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அவளுக்குக் கூட வர ஆள் இல்ல தம்பி."

"வீட்டுக்காரர்?"

"அவரு எங்க..."

"அப்ப என் வீட்டுக்காரி வருவா. காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பா. அந்த ஓரகத்திய வரச் சொன்னாப் போதும். பேரெல்லாம் சொல்லவேண்டாம். நீலக் குடை வச்சிருப்பா."

கல்லாவிலிருந்து முதலாளி, "செல்வின், அங்க ஆளு நிக்குது பாரு" என்றார். ஒன்றும் விற்காமல் பேசிக்கொண்டிருந்தால் எந்த முதலாளிக்குத்தான் பிடிக்கும். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் வந்தாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. செல்வின் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் தெரியாது என்று அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எத்தனை பேருக்கு இப்படிக் குடையோடு ஆள் அனுப்பினானோ, எத்தனை பேர் வராமல் போனார்களோ.

அப்புறம் திரும்பினான். என்னைப் பார்த்தான். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போகும்வரை என் பக்கம் வரவில்லை. நான் ஒதுங்கி நின்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு மறக்கவில்லை சார். ஆள் கலைந்ததும் வந்தான்.

"வாங்க அண்ணாச்சி. நல்லா இருக்கீங்களா? என்ன வேணும்?"

தெரியுமா தெரியாதா என்று கேட்க வாயைத் திறந்தேன். வரவில்லை. இரண்டாவது கேள்வியும் வரவில்லை. மண்டபத்தில் மேளம் வாசிக்கிற சத்தம் கேட்டது. அவன் காத்துக்கொண்டு நின்றான். அவசரப்படுத்தவில்லை.

"எனக்கு இல்ல" என்றேன்.

"சொல்லுங்க."

"பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க இருந்தாங்களே."

அவன் சிரிக்கவில்லை. எந்த அக்கா என்றும் கேட்கவில்லை. "ஆமா அண்ணாச்சி" என்றான், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

"அந்த அக்காவுக்குப் பயமா இருந்துச்சாமா, செல்வின்?"